சிடி, டிவிடி வைக்கப் புத்தகம் செய்யக் கொடுக்கிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பத்து டிஸ்க்குகளை ஒரே புத்தகமாகக் கட்டித் தருகிறோம் என்று ஓர் அச்சகம் எங்களிடம் ஆர்டர் எடுத்தது. பேசிய பொருள் ஒன்று, போட்ட பொருள் வேறு. 200 செட்டையும் கடைசி நேரத்தில் எங்கள் தலையில் கட்டிவிட்டு, இப்போது போனை எடுப்பதில்லை. விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. ஆனால் பாட்டு, பேச்சு, கூத்து, கல்யாண வீடியோ என்று எதையாவது டிஸ்க்கில் போட்டுப் பத்திரமாக வைக்க நினைக்கும் யாருக்கும் இது நடக்கலாம். எங்கே எப்படி ஏமாற்றினார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. எங்கள் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாருக்கு வயதாகிவிட்டதால், அவர் ஆடும்போதே இரண்டு இரவுக் கூத்தை முழுதாகப் பதிவு செய்தோம். ஓர் இரவு எட்டு மணி நேரம். அதை எட்டு டிவிடிகளிலும், பாட்டையும் முகவீணை என்ற குழல் வாத்தியத்தையும் மட்டும் தனியாக இரண்டு சிடிகளிலும் போட்டோம். கூடவே பாட்டு வரிகளும் ஆட்டக்காரர்களின் படங்களுமாக ஒரு சின்னப் புத்தகம். யூடியூபில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. இரண்டு கல்லூரி நூலகங்களும் அலமாரியில் வைக்கிற மாதிரி கையில் எடுக்கும் பொருளாகக் கேட்டன. பதிவு முடிந்த அடுத்த ஆண்டு வாத்தியார் காலமாகிவிட்டார். அதனால் இந்தப் பொருள் நன்றாக வர வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஊரில் வீட்டுக்கு வீடு பணம் போட்டார்கள்.

அச்சகத்தார் கொட்டேஷனில் எழுதிக் கொடுத்தது இது: 2.5 மி.மீ. கிரே போர்டு அட்டை, காலிக்கோ என்ற பைண்டிங் துணியில் முதுகு, நூல் தையல், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பை. ஒரு டம்மியும் (மாதிரிப் பிரதி) செய்து காட்டினார்கள். பத்து டிஸ்க்கும் உள்ளே போட்டிருந்தது. திறந்தால் தட்டையாக விரிந்தது, மூடினால் சமமாக மூடியது. அதைப் பார்த்துத்தான் 60 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தோம். "மிஷினுக்கு அளவு எடுக்கணும் சார், டம்மிய விட்டுட்டுப் போங்க" என்றார்கள். அந்த டம்மியை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. எங்கள் பையன் ஒருவன் போனில் எடுத்த நாலைந்து படங்கள்தான் மிச்சம்.

கோயில் விழாவில் வெளியீடு. முதல் நாள் இரவில் வண்டி வந்தது. பாக்கிப் பணத்தைக் கொடுத்தால்தான் பெட்டியை இறக்குவோம் என்று டிரைவர் மூலமாகச் சொல்ல வைத்தார்கள். மறுநாள் காலையில் ஊரே கூடப்போகிறது. பணம் கைமாறியது. இந்த நேரக் கணக்கு தற்செயல் என்று நான் நம்பவில்லை. விழாத் தேதி அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இனி உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பை. பிரித்ததுமே புது ரெயின்கோட் வாசனை அடித்தது. அது பிவிசி. ஐடி கார்டு உறைக்கும் பைல் கவருக்கும் போடும் அதே ஷீட். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக ஆக வெளியே கசியும். வெயிலில் இன்னும் வேகமாகக் கசியும். எங்கள் பக்கம் சித்திரை வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கோடை முடிவதற்குள் டிஸ்க்கின் மேல் மங்கலாகப் பிசுபிசுப்பு படிந்தது. சில வீடுகளில் டிஸ்க் பையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால்தான் வந்தது.

பாலிபுரொப்பிலீன் என்று எழுதிவிட்டு ஏன் பிவிசி போடுகிறார்கள்? விலை மட்டும் காரணமில்லை. பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதனால் பையின் ஓரத்தைப் புத்தகத் தையலுக்குள்ளேயே சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கு ஆள் கூலி அதிகம், நேரமும் அதிகம். பிவிசி என்றால் பசை தடவி அட்டையில் அழுத்தினால் வேலை முடிந்தது.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பையின் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி, காற்றுக் குமிழி ஒட்டாமல் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மேலே வந்து மிதக்கும். பிவிசி அடியில் போய்ப் படுக்கும். எங்களுடையது படுத்தது.

அடுத்தது முதுகு. இது கணக்குத் தெரிந்த யாரும் செய்யக் கூடாத தப்பு. ஒரு டிஸ்க்கின் கனம் 1.2 மி.மீ. பத்து டிஸ்க் என்றால் 12 மி.மீ. அட்டைத் தாள், பை எல்லாம் சேர்ந்து இன்னொரு 6 மி.மீ. பாட்டுப் புத்தகம் தனி. எங்களுக்கு வந்த முதுகு 8 மி.மீ. அதாவது டிஸ்க்கே இல்லாத வெறும் தாளுக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். டிஸ்க்கைப் போட்டதும் முன்பக்கம் முதலை வாய் மாதிரி திறந்துகொண்டு நிற்கிறது. மேலே கனம் வைத்து மூட முயன்றால் முதுகு கிழிகிறது.

ஒழுங்காகச் செய்பவர்கள் முதுகுப் பக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இடையே, டிஸ்க்கின் கனத்துக்கு ஈடாக ஒரு அட்டைப் பட்டை வைத்துத் தைப்பார்கள். படம் ஒட்டும் பழைய ஆல்பங்களைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பட்டை தெரியும். அது இருந்தால்தான் முன்பக்கமும் முதுகும் ஒரே கனத்தில் நிற்கும்.

தையல் என்று எழுதியிருந்தார்களே, அது எங்கேயும் இல்லை. பத்துத் தாளையும் அடுக்கி, முதுகை வெட்டி, சூடான பசையில் முக்கி எடுத்திருக்கிறார்கள். கைடு புத்தகத்துக்கு அந்தப் பசை சரி. இங்கே ஒவ்வொரு தாளிலும் 15 கிராமுக்குக் குறையாத ஒரு டிஸ்க் தொங்குகிறது. புத்தகத்தை அலமாரியில் நிறுத்தினால் அட்டை மட்டும்தான் பலகையில் ஊன்றும். உள்தாள்கள் அட்டையைவிட 3 மி.மீ. சின்னவை. அதனால் மொத்தக் கனமும் முதுகுப் பசையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தரத்தில் நிற்கிறது. வெயிலில் பசை இளகியதும் முதல் தாள், கடைசித் தாள் என்று ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிட்டது. படுக்க வைக்கலாமே என்று அச்சகத்தார் யோசனை சொன்னார்கள். டிஸ்க்கைப் புத்தகம் போல நிறுத்தித்தான் வைக்க வேண்டும், வளையவிடக் கூடாது என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2003-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. நிறுத்தி வைக்க முடியாவிட்டால் புத்தக வடிவம் எதற்கு?

எனக்கு அதிகம் கோபம் வருவது பை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான். டிஸ்க்கின் விட்டம் 120 மி.மீ. தாளைச் சிக்கனம் செய்ய, பையை முதுகு மடிப்புக்கு ஒட்டியே வைத்துவிட்டார்கள். பக்கத்தைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் ஓரம் மடிப்பில் மாட்டி வளைகிறது. பை இறுக்கமாகவும் இருப்பதால் எடுக்கும்போது இன்னொரு முறை வளைகிறது. டிவிடி என்பது 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தட்டுகளை நடுவில் பசை வைத்து ஒட்டியது. பதிவு இருப்பது அந்த நடுவில்தான். வளைத்துக்கொண்டே இருந்தால் ஓரத்தில் ஒட்டு விடும், காற்று புகும், அப்புறம் அந்த இடம் படிக்காது. எங்களுக்குத் திரும்பி வந்த டிவிடிகளில் பல, கடைசி இருபது நிமிடத்தில் நிற்கின்றன. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும், அதனால் கடைசிப் பகுதி இருப்பது ஓரத்தில். விடியற்காலைக் காட்சி, கூத்தின் உச்சம், அங்கேதான் திணறுகிறது.

சிடிக்கு வேறு ஆபத்து. அதில் வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு, எழுத்து அச்சடித்த பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. காப்பாக மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும். பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் காப்பாற்றுவார்கள், உண்மையில் அடி தாங்காதது மேல்பக்கம். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகர ஆலையில் 1988 முதல் 1993 வரை செய்த சிடிகளில் பல பழுப்பேறிக் கெட்டுப்போயின. உறையில் வைத்த காகிதத்தில் இருந்த கந்தகம் வார்னிஷைத் தாண்டி வெள்ளிப் பூச்சை அரித்ததே காரணம். ஆகவே டிஸ்க்கோடு உரசும் தாள் எது, பசை எது என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

அட்டையும் பேசிய கனத்தில் இல்லை. அளந்து பார்த்தால் 1.5 மி.மீ.தான். வெளிப்பக்கம் மட்டும் அச்சுத் தாள் ஒட்டி, உள்பக்கத்தை மெல்லிய தாளால் ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஈரப்பசையோடு ஒட்டும் தாள் காயும்போது சுருங்கும், அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தாள் ஒட்டி, கனம் வைத்துக் காயவிட்டால்தான் அட்டை நேராக நிற்கும். எங்களுடையது வெளிப்பக்கமாக வளைந்து கிடக்கிறது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டோம். "எல்லாருக்கும் இதத்தான் போடறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்றார் உரிமையாளர். கொட்டேஷனைக் காட்டினோம். "அது ரேட்டுக்காகப் போட்டது சார்" என்றார். பில்லைப் பார்த்தால் "புத்தகம், 200" என்று மட்டும் இருக்கிறது. பொருளின் விவரம் ஒரு வரிகூட இல்லை. கொட்டேஷனில் அவர்கள் சீல் இருப்பதால்தான் எங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், லாபத்துக்குச் செய்யவில்லை என்று காட்டும் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பதிவு செய்துகொள்ளலாம்.

நூலகங்களுக்கு மட்டும் கொஞ்சம் பிரதிகளை இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு வயதான பைண்டரிடம் திரும்பச் செய்கிறோம். அவர் செய்த முதல் வேலை, பத்து பழைய சிடியை வாங்கி அடுக்கி ஸ்கேல் வைத்து அளந்தது. மடிப்பிலிருந்து 20 மி.மீ. தள்ளித்தான் பை ஆரம்பிக்கிறது. பையின் ஓரம் ஈடுகட்டும் பட்டையோடு சேர்த்து நூலால் தைக்கப்படுகிறது. பையின் வாய் மேல்பக்கம் இருக்கிறது, விரல் நுழைய அரைவட்ட வெட்டும் உண்டு, அதனால் டிஸ்க்கின் ஓரத்தைப் பிடித்தே தூக்கலாம். புத்தகத்தைச் செருகி வைக்க ஒரு கெட்டி அட்டைக் கூடு செய்கிறார். அந்தக் கூட்டின் அடியில் 3 மி.மீ. அட்டைத் துண்டு ஒட்டியிருக்கிறது. உள்தாள்கள் அதன் மேல் ஊன்றிக்கொள்வதால் முதுகில் கனம் இழுக்காது. பசை முழுக்கக் காய்ந்த பிறகுதான் டிஸ்க்கைப் போட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு டம்மி செய்தார். இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். பாக்கிப் பணம், வந்த பிரதியை டம்மியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் நீங்கள் ஆர்டர் கொடுக்காதீர்கள். விசேஷத் தேதி இருந்தால் அதற்கு ஒரு மாதம் முந்திய தேதியைச் சொல்லுங்கள்.

எங்கள் செட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: டிஸ்க்குகளை இன்றே அந்தப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால், பளபளக்கும் பக்கத்தை மட்டும் மெல்லிய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடே ஓடும், பிளேயரால் சமாளிக்க முடியாது. சாதாரண பிளாஸ்டிக் சிடி டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் நிறுத்தி வையுங்கள். பீரோவின் மேல் வேண்டாம், அங்கே ஓட்டுச் சூடு இறங்கும். மூலப் பதிவு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பத்திரமாக இருக்கிறது. படிக்காத டிஸ்க்கைக் கோயில் நிர்வாகியிடம் கொடுத்தால் புதிதாகப் பதிந்து, புது டப்பாவில் போட்டுத் தருகிறோம். பணம் வேண்டாம்.