நகராத சீட்டும் புதுப்பேட்டை பாயும்

இந்த முறை சென்னை போய் வந்ததில் எழுதியே ஆகவேண்டிய விஷயம் ஒன்றுதான்: அப்பா காரின் டிரைவர் சீட்.

கார் 2007 மாடல் பெட்ரோல் செடான். 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறார். இன்றைக்கும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். நான் போவதற்கு முன்னால் ஒரு ஆக்டிங் டிரைவர் வந்திருக்கிறார். ஆள் கொஞ்சம் குள்ளம். சுவிட்சை அழுத்தினால் மோட்டாரில் நகரும் பவர் சீட்டை முழுக்க முன்னால் கொண்டுபோய் வைத்து ஓட்டிவிட்டுப் போய்விட்டார். அதோடு சீட் பின்னால் வரவே இல்லை. அப்பா ஆறடி, முட்டி வலி வேறு. அவர் உட்கார்ந்தால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கிறது. நானும் அதே உயரம்தான். வீட்டில் அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்ட முடிந்தது என் தங்கை ஒருத்தியால்தான்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனோம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சோபா, காபி மெஷின் என்று எல்லாம் டொராண்டோவில் நான் வண்டி விடும் இடத்தைவிடப் பளபளப்பு. அட்வைசர் தம்பி மரியாதையாகப் பேசினார். டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். ஸ்கேனர் போட்டார்கள். "எரர் ஒண்ணும் காட்டல சார்" என்றார்கள். காட்டாது. மெமரி வசதி இல்லாத அந்தக் காலத்து சீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார், நாலு ஒயர், அவ்வளவுதான். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் மோட்டாருக்கு பிளஸ் மைனஸ் ஒரு மாதிரி போகும், மறுபக்கம் தள்ளினால் மாறிப் போகும். ஸ்கேனரிடம் கேட்டு என்ன பயன்? யாரும் குனிந்து சீட்டுக்கு அடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. மாலையில் போன் வந்தது. "மொத்த அசெம்ப்ளியாத்தான் மாத்தணும் சார், தனிப் பார்ட் வராது." எஸ்டிமேட் 72,000 ரூபாய். பார்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். போதாக்குறைக்கு, "இவ்ளோ பழைய வண்டிக்குச் செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடலாமே சார்" என்று ஒரு யோசனை. அப்பா முகம் சுருங்கிவிட்டது. ஸ்கேன் சார்ஜைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம்.

கனடாவிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், மறுக்கவில்லை. அங்கே லேபரே மணிக்கு 100 டாலருக்கு மேல். எனவே எதையும் பிரித்துப் பார்ப்பதைவிட மொத்தமாக மாற்றுவதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஊரில் கை வேலைக்கு ஆள் இருக்கும்போது, அந்தப் பழக்கத்தை மட்டும் எதற்கு இறக்குமதி செய்கிறார்கள்? நான் சின்னப் பையனாக இருந்தபோது மிக்ஸி நின்றால்கூட முதலில் கழற்றிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலை பேசுவார்கள்.

மறுநாள் தங்கை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனோம். எழும்பூர் ஸ்டேஷனைத் தாண்டி, கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கதவுகள் ஒரு கடை நிறைய, ஹெட்லைட்டுகள் ஒரு கடை நிறைய, இன்ஜின்கள் நடைபாதையில். வண்டியை நிறுத்த இடம் தேடித்தான் உயிர் போயிற்று. ஹாரன் சத்தத்தில் தங்கை அழாத குறை. அந்த அரை மணி நேரம் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் வெறிச்சோடிய பார்க்கிங் லாட்டுகளுக்கு மனசு ஏங்கியது என்பதை மறைக்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் பாய்க்கு அறுபது வயதிருக்கும். கடை என்று சொன்னால் ஒரு மேஜை, ஒரு பேட்டரி, சுவர் முழுக்க ஒயர் சுருள். சீட் நகரவில்லை என்றதும் அவர் முதலில் செய்தது, பக்கத்தில் ஓடிய கிரைண்டரை நிறுத்தச் சொன்னதுதான். அப்புறம் சுவிட்சை அழுத்திவிட்டு சீட்டின் மேல் காதை வைத்தார்.

"மோட்டார் சுத்துது தம்பி. கரண்ட் போகுது, சுவிட்ச் நல்லாருக்கு. சத்தமே இல்லன்னாதான் ஃபியூஸ், எர்த், சுவிட்ச்னு தேடணும். இது கேபிள்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சர்வீஸ் சென்டர் ஒரு பகல் முழுக்க வைத்திருந்து கண்டுபிடிக்காத விஷயம்.

சீட்டுக்கு அடியில் நடுவில் ஒரு மோட்டார். அதிலிருந்து இடமும் வலமும் இரண்டு கேபிள்கள். சீட் முன்னும் பின்னும் நகர இரண்டு பக்கமும் தண்டவாளம்; ஒவ்வொரு கேபிளும் ஒரு தண்டவாளத்தின் சின்ன கியர்பாக்ஸைச் சுற்றும். அந்த கியர்பாக்ஸ் ஒரு ஸ்க்ரூ கம்பியைத் திருப்பும், சீட் நகரும். கேபிளின் முனை சதுரம். அந்தச் சதுரம் தேய்ந்து உருண்டுபோனால் மோட்டார் சும்மா சுற்றும், கியர் திரும்பாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் இன்னும் மோசம். ஒரு பக்கம் போகும், மறுபக்கம் நிற்கும், சீட் கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். எங்கள் சீட்டில் நடந்தது இதுதான். டார்ச் அடித்துக் காட்டினார்: இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு விரல்கடை வித்தியாசம்.

சரி, சீட்டைக் கழற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். சீட் முன்னால் இருந்தால் பின் போல்ட்டுகள் தெரியும், முன் போல்ட்டுகளை சீட்டே மறைத்துக்கொள்ளும். பாய் பின்சீட்டில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, கேபிள்களை மோட்டார் பக்கத்திலிருந்து பிடுங்கினார். நல்ல கேபிளின் முனையை பேட்டரி டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கம் கொஞ்சம். பிறகு அதே கேபிளை மறுபக்க கியரில் சொருகி அங்கே கொஞ்சம். அவசரப்படவே இல்லை. சீட் முனகிக்கொண்டு பின்னால் வரத் தொடங்கியபோது தங்கை கை தட்டிவிட்டாள்.

அடுத்து நடந்ததில்தான் எனக்குக் கோபம் வந்தது. போல்ட்டுகளைக் கழற்றியதும் உதவிக்கு இருந்த பையன் சீட்டைச் சாய்த்து, அடியில் இருந்த மஞ்சள் கனெக்டரைப் பிடித்து இழுக்கப் போனான். பேட்டரி கனெக்‌ஷன் அப்படியே இருக்கிறது. மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக். இந்த வண்டியில் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. நான் கத்தியேவிட்டேன். "கீ ஆஃப்லதான் இருக்கு, இத்தன வருஷமா ஒண்ணும் ஆகல" என்றார் பாய். ஒன்றும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, ஏர்பேக் யூனிட்டில் தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகுதான் அதைத் தொடவேண்டும். கனடாவில் எந்த மெக்கானிக்கும் இதைச் செய்யாமல் விடமாட்டார். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. சீட்டின் மேல் குனிந்திருக்கும் முகத்துக்கு நேராக அது வெடித்தால்? இவ்வளவு கைத்திறன் உள்ள மனிதர் இதை மட்டும் ஏன் லேசாக எடுத்துக்கொள்கிறார் என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை. நான் விடாப்பிடியாக நின்றதும் பத்து எம்.எம். ஸ்பானரை எடுத்துப்போய் அவரே நெகட்டிவைக் கழற்றினார். முகம் சுளிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

கவிழ்த்துப் போட்ட சீட்டைப் பார்க்கவேண்டுமே. கிரீஸ் காய்ந்து, மணலும் முடியும் ஒட்டி, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. இடது தண்டவாளத்தில் ஒரு 25 பைசா சிக்கியிருந்தது. 2011 ஜூனோடு செல்லாமல் போன காசு; எந்த வருடத்திலிருந்து அங்கே கிடக்கிறதோ! அந்தக் கசட்டையும் சேர்த்து இழுத்துத்தான் கேபிள் முனை தேய்ந்திருக்கிறது.

புதுக் கேபிள் தேடவில்லை. வெளி உறையில் அரை சென்டிமீட்டர் போல வெட்டி எடுத்தார். உறை குட்டையானதும் உள்ளே இருக்கும் கேபிள் அந்த அளவுக்கு வெளியே நீண்டு, தேயாத சதுரம் கியருக்குள் ஆழமாக உட்கார்ந்துவிட்டது. தண்டவாளங்களை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளை கிரீஸ் தடவினார். பிறகு இரண்டு பக்கத்தையும் கடைசி வரை ஓட்டி, ஸ்கேலை வைத்துச் சமமா என்று பார்த்த பிறகே கேபிள்களைச் சொருகினார். இதைச் சரியாகச் செய்யாமல் மாட்டினால் சீட் மறுபடி கோணிக்கொள்ளும். கனெக்டரெல்லாம் மாட்டிய பிறகு கடைசியாக பேட்டரி. ஏர்பேக் லைட் எரிந்து, ஒழுங்காக அணைந்தது.

கூலி 2,500 ரூபாய். பில் கிடையாது. ஒன்டாரியோவில் எஸ்டிமேட்டுக்கு மேல் 10 சதவீதம் தாண்டி வாங்கக்கூடாது, வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வாரண்டி தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாரண்டி உண்டா என்று கேட்டேன். "நின்னா வா தம்பி, நான் இங்கதான இருப்பேன்" என்றார். அப்பாவுக்கு அது போதும். எனக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தால் தேவலை. அவர் தேதியையும் வண்டி நம்பரையும் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சீட் இப்போது முழுக்கப் பின்னால் போகிறது. உயரம் ஏற்றி இறக்கும் மோட்டார் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. அதற்கு அப்பா தானே பாயிடம் போய்க்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். போகும்போது மறக்காமல் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள் என்று போனில் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறேன்.