அரே பாயிண்டரா, இரட்டை பாயிண்டரா?

சி மொழியில் 3 வரிசை, 4 நெடுவரிசை கொண்ட முழு எண் அட்டவணையை மால்லாக் (நிரல் ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) மூலம் உருவாக்க வேண்டும். பாயிண்டர் என்பது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி. இங்கே ஒரு முழு வரிசையைச் சுட்டும் அரே பாயிண்டரை எடுப்பதா, வரிசைகளின் முகவரிப் பட்டியலைச் சுட்டும் இரட்டை பாயிண்டரை எடுப்பதா என்று பலர் குழம்புகிறார்கள். முழு எண்ணுக்கு 4 பைட், முகவரிக்கு 8 பைட் என்று வைத்துக்கொள்வோம்.

நினைவகம்
அரே பாயிண்டர்: ஒரே துண்டாக 48 பைட்.
இரட்டை பாயிண்டர்: அதே 48, கூடவே மூன்று முகவரிகளுக்கு 24.

பாயிண்டரோடு ஒன்று கூட்டினால்
அரே பாயிண்டர்: ஒரு முழு வரிசையைத் தாண்டும், அதாவது 16 பைட்.
இரட்டை பாயிண்டர்: அடுத்த முகவரிக்குப் போகும், 8 பைட்தான்.

இந்த வேறுபாட்டைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண இருபரிமாண அரேயை இரட்டை பாயிண்டர் கேட்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பினால், கம்பைலர் வகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். வகைமாற்றம் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்களையே முகவரிகளாக எடுத்துக்கொண்டு நிரல் பெரும்பாலும் நொறுங்கிவிடும்.

விடுவிப்பது
அரே பாயிண்டர்: ஒரே ஃப்ரீ (நினைவகத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்) அழைப்பு.
இரட்டை பாயிண்டர்: வரிசைக்கு ஒன்றாக மூன்று, அப்புறம் முகவரிப் பட்டியலுக்கு ஒன்று.

எழுதும்போது அரே பாயிண்டரில் நட்சத்திரத்தையும் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட மறக்கக் கூடாது. விட்டால் அது பாயிண்டர்களின் அரே ஆகிவிடும்.

மேட்ரிக்ஸ், படப் பிக்சல் போல எல்லா வரிசையும் ஒரே நீளம் என்றால் அரே பாயிண்டரே என் தேர்வு. வரிசைகளின் நீளம் மாறினாலோ, சொற்பட்டியலை வரிசைப்படுத்த முகவரிகளை மட்டும் இடம் மாற்ற வேண்டுமென்றாலோ இரட்டை பாயிண்டர்தான் சரி.