மெழுகுவர்த்திச் சாயம் என்று விற்கப்படும் பொடி: வாங்கும் முன் படியுங்கள்

வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்பவர்கள், குறிப்பாகக் கிறிஸ்துமஸுக்கும் அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்துக்கும் ஆர்டர் எடுத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுச் சாயம் வாங்குங்கள். ‘மெழுகுவர்த்திக்கென்றே தயாரித்தது, மெழுகில் முழுமையாகக் கரையும், வெயிலிலும் மங்காது’ என்ற விளம்பரத்தோடு இணையத்தில் விற்கப்பட்ட ஊதாப் பொடியை வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். அது மெழுகுக்குரிய சாயமே அல்ல. அதைப் போட்டுச் செய்த வர்த்தி பார்வைக்கு நன்றாக இருக்கும், எரியாது.

எங்கள் பங்குக் கோயிலுக்கும், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் குடும்பங்களுக்கும் சேர்த்துத் திருவருகைக் கால வளையத்துக்கான வர்த்திகள் கேட்டிருந்தார்கள். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் அந்த வளையத்தில் ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிறு அன்று ஏற்றும் ரோஜா நிறம் ஒன்று. ஊதா அவ்வளவு எளிதில் அமையாது. சிவப்பையும் நீலத்தையும் நாமே கலந்தால் ஒரு வார்ப்பு கத்தரிப்பூ நிறத்திலும் அடுத்த வார்ப்பு பழுப்பேறியும் நிற்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம் போக வேண்டும் என்பதால்தான் ஆயத்தமாகக் கிடைக்கும் ஊதாவைத் தேடினேன்.

வந்த பொட்டலத்தில் நிறத்தின் பெயரும், ‘ஒரு கிலோ மெழுகுக்கு 10 கிராம்’ என்ற வரியும் மட்டுமே இருந்தன. தயாரித்தவர் யார், எந்த ஊர், எப்போது பொட்டலமிட்டார்கள், விலை என்ன, ஒன்றுமில்லை. சில்லறைப் பொட்டலத்தில் இவையெல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அந்த 10 கிராம் கணக்கும் உறுத்தியது. நல்ல மெழுகுச் சாயம் கிலோவுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் போட்டாலே போதும். அடர்ந்த நிறத்துக்குக் கொஞ்சம் கூடலாம். பத்து கிராம் கேட்கும் பொடியில் பாதிக்கு மேல் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அல்லது அது வேறு பொருள். விற்றவரிடம் கேட்டேன். “எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், மேடம்” என்றார்.

முதல் வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வந்தபோது நிறம் கச்சிதமாக இருந்தது. ஆனால் உருக்கிய பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் சேறு போல ஓர் ஊதாப் படிவு. ஒரு வர்த்தியையாவது எரித்துப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆகவே அதே மெழுகு, அதே திரி, அதே அச்சில் சாயமே போடாத வெள்ளை வர்த்தி ஒன்றையும் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஏற்றினேன். வெள்ளை ஆடாமல் எரிந்தது. ஊதா சிறிது நேரம் நன்றாக எரிந்துவிட்டு, பிறகு சுடர் குன்றத் தொடங்கியது. திரியின் நுனியில் கறுத்த ஊதா மொக்கு ஒன்று கட்டியது. கடைசியில் பயறு அளவுக்குச் சுருங்கிய சுடர், தன்னைச் சுற்றித் தேங்கிய மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. மொக்கைக் கத்தரித்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே கதைதான்.

காரணம் எளியது. திரி, உருகிய மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது. அங்கே ஆவியாகும் மெழுகுதான் எரிகிறது. எண்ணெயில் கரையும் சாயம் மெழுகோடு மெழுகாகிவிடுவதால் அதற்குத் தடையாக இருப்பதில்லை. நிறமி, அதாவது கடைக்காரர்கள் பிக்மென்ட் என்று சொல்வது, கரையவே கரையாது. எவ்வளவு நைசாக அரைத்திருந்தாலும் துகள் துகள்தான். அது திரியின் இழைகளுக்குள் ஏறி அடைத்துக்கொள்கிறது. எனக்கு வந்தது அதுதான். ‘வெயிலிலும் மங்காது’ என்று அவர்கள் பெருமையாகச் சொன்னதே இதைக் காட்டிக்கொடுத்திருக்கும். வெயிலில் எளிதில் மங்காதது நிறமியின் குணம். கரையும் சாயங்கள் பெரும்பாலும் வெளிச்சத்தில் கொஞ்சமாவது வெளிறும். வர்த்தியின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சாகக் கொடுக்க நிறமி உதவும். முழு வர்த்திக்குள்ளும் கலக்க உதவாது. உணவு நிறம், குழந்தைகளின் கிரேயான், மினுமினுப்புக்குப் போடும் மைக்காப் பொடி ஆகியவற்றையும் முழு வர்த்தியில் கலக்காதீர்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது விற்றவர் சொன்ன யோசனையைக் கேட்டுத்தான். முதலில், என் மெழுகில் சோயா கலந்திருக்கும் என்றார். இல்லை என்று பில்லை அனுப்பினேன். பிறகு, “சூடு போதவில்லை, அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிடுங்கள், கரைந்துவிடும்” என்றார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். மெழுகு தண்ணீரைப் போலக் கொதித்துக் காட்டி எச்சரிக்காது. சூடு 200 டிகிரியை நெருங்கினால் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே அந்தச் சூட்டை எட்டாமல் இருக்கத்தான். அப்படியும் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியால் மூட வேண்டும்; தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு சிதறி ஆளையே சுடும். கரையாத பொருளை விற்றதை மறைக்க, சமையலறையில் நெருப்போடு விளையாடச் சொல்கிறார் ஒருவர். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்யும் பெண்கள் எத்தனை பேர் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள்!

வாங்கும்போதே கேளுங்கள்: இது எண்ணெயில் கரையும் சாயமா, அதன் சாயப் பெயர் என்ன? மெழுகுக்கான சாயங்களின் பெயர் ‘சால்வன்ட்’ என்று தொடங்கும். சால்வன்ட் ரெட் 24, சால்வன்ட் வயலட் 13 என்பதுபோல. ‘பிக்மென்ட்’ என்று தொடங்கினால் வேண்டாம். பெயரே சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

கையில் ஏற்கெனவே பொடி இருந்தால், மெழுகை வீணாக்காமல் இப்படிப் பாருங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் உடனே தெளிவாக நிறம் ஏறினால் அது நீரில் கரையும் சாயம். மெழுகில் புள்ளி புள்ளியாக அடியில் தங்கும். அடுத்து, பழைய கரண்டி ஒன்றில் சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் இன்னொரு சிட்டிகை. கரையும் சாயம் என்றால் எண்ணெய் நிறம் ஏறினாலும் கலங்காமல் தெளிந்திருக்கும். நிறமி என்றால் கலங்கி, கொஞ்ச நேரம் விட்டால் அடியில் இறங்கும். அந்த எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். நடுவில் நிறம் திட்டாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் வட்டம் பரவினால் அதை ஒதுக்கிவிடுங்கள். சோதித்த எண்ணெயையும் கரண்டியையும் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சாயங்கள் எதுவும் உணவுக்கானவை அல்ல.

“பிரித்த பொட்டலத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம், நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது” என்றும் சொன்னார்கள். இரண்டும் சரியல்ல. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதி. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் தொழிலுக்கு வாங்கும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்தேன். விளம்பரப் பக்கத்தின் படம், பொட்டலத்தின் இரு பக்கப் படம், வெள்ளையும் ஊதாவும் அருகருகே எரியும் வீடியோ மூன்றையும் இணைத்தேன். புகாருக்குப் பிறகு பொடியின் விலையைத் திருப்பித் தந்தார்கள். வீணான மெழுகுக்கும் திரிக்கும் இன்னும் பதில் இல்லை. புகாரை நான் முடித்துக்கொள்ளவில்லை.

கெட்டுப்போன வார்ப்பைத் தூக்கிப் போட வேண்டாம். மெழுகைத் திரும்ப உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கொதிநீர்ப் பாத்திரத்திலேயே அசைக்காமல் விட்டால் படிவின் பெரும்பகுதி அடியில் இறங்கும். மேலே இருப்பதை மெதுவாக வேறு பாத்திரத்தில் ஊற்றி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டலாம். என் மெழுகில் பெரும்பகுதி இப்படித் தேறியது. இளம் ஊதா சாயல் இருக்கத்தான் செய்கிறது. புதிய திரி போட்டு ஒன்றை எரித்துப் பார்த்து, சுடர் ஒழுங்காக நின்ற பிறகே மீதியை ஊற்றுங்கள்.