ஸ்டார்லிங்கின் அடுத்த மலைச் சைக்கிள்: எந்த ஊகத்தில் பணம் கட்டலாம்?

பெரிய கம்பெனிகளின் புது மாடலை ஊகிப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. முன்பக்கக் கோணம் அரை டிகிரி சாய்ந்திருக்கும், நூறு கிராம் குறைந்திருக்கும், விலை ஏறியிருக்கும். சின்னப் பட்டறைகள் அப்படியில்லை. நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு ராத்திரி தோன்றியது அடுத்த மாதம் குழாயும் பேரிங்குமாகச் சுவரில் சாய்ந்து நிற்கலாம். அதனால்தான் ஸ்டார்லிங் அடுத்து என்ன செய்யும் என்று எங்கள் வட்டாரத்தில் இவ்வளவு வாக்குவாதம்.

தெரியாதவர்களுக்கு: ஸ்டார்லிங், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துச் சின்ன நிறுவனம். விமானத் துறையில் பொறியாளராக இருந்த ஜோ மெக்யூவன், வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் தொடங்கியது. எல்லாரும் கார்பன் இழைக்கு ஓடிய காலத்தில் இவர் இரும்புக் குழாயில் முழு சஸ்பென்ஷன் வண்டி கட்டினார். பெயர்களெல்லாம் பறவைச் சங்கதி. ஸ்டார்லிங் என்பது நம் சோளக்காடுகளில் கூட்டமாக இறங்கும் சோளப்பட்சியின் சொந்தக்காரப் பறவை. அந்தக் கூட்டம் வானத்தில் சுழலும் கோலத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்து வந்தது மர்மர் என்ற 29 அங்குல வண்டி. முன்னால் 29, பின்னால் 27.5 அங்குலச் சக்கரம் போட்டது ட்விஸ்ட். ஒற்றை கியரில் ஒரு முழு சஸ்பென்ஷன் வண்டியும் உண்டு, அதன் பெயர் பீடி லிட்டில் ஐ, அதாவது குருவியின் மணிக்கண்!

இவற்றின் அடிப்படை ஒன்றுதான். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கை, பிவட் எனப்படும் ஒரே ஒரு அச்சில் மேலும் கீழும் ஆடும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போல. அதைத்தான் என் நண்பன் ஒவ்வொரு முறையும் குத்திக்காட்டுவான்: "ஏன் மச்சான், இன்னுமா ஒத்தை பிவட்?"

அவன் ஆசை கியர்பாக்ஸ். அதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இருக்கும் ஊகங்களில் அதுதான் கவர்ச்சியானது.

மலைச் சைக்கிளின் பின்சக்கரத்தில் 12 பல்சக்கர அடுக்கும், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளி கியர் மாற்ற, பாறையில் அடிபடுவதற்கென்றே தொங்குவது போன்ற டிரெயிலியரும் இருக்கின்றன. ஒரு கல் போதும், ஒரு நாள் சவாரி முடிந்தது. இத்தனையையும் பெடல் அச்சைச் சுற்றி ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால் சேறு இல்லை, அடி இல்லை, பின்சக்கரமும் இலேசாகிறது. பின்பக்கம் எடை குறைந்தால் சஸ்பென்ஷன் சின்னச் சின்ன மேடுகளைக்கூடச் சட்டென்று பின்தொடரும். இதை நேரில் ஓட்டியவர்கள் மறக்கமாட்டார்கள். ஜெர்மனியின் பினியன், போர்ஷேவில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் 2008இல் தொடங்கியது. அதன் 12 கியர் பெட்டி 600 சதவீத வீச்சு தருகிறது, அதாவது கடைசி கியர் முதல் கியரைப்போல் ஆறு மடங்கு. சாதாரண 10-52 பல் அடுக்கில் கிடைப்பது 520. கியருக்குக் கியர் இடைவெளியும் ஒரே சீராக இருக்கும்.

பிறகு ஏன் எல்லாரும் போடவில்லை? முதலில் எடை. அந்தப் பெட்டி மட்டுமே 2 கிலோவுக்கு மேல். அடுத்தது இழுவை. உள்ளே பல்லோடு பல் உரசும்போது கால்வலுவில் ஒரு பங்கு அங்கேயே போகும். மூன்றாவதுதான் பலரை விரட்டியது: மேடேறும்போது பெடலை மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் பெட்டி முரண்டு பிடிக்கும், ஒரு கணம் காலைத் தளர்த்த வேண்டும். கைப்பிடியைத் திருகி மாற்றும் முறையும் மலைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 2023இல் பினியன் மின்னணு மாற்றியைக் கொண்டுவந்த பிறகு இந்தக் குறை பாதி தீர்ந்தது.

நண்பனின் வாதத்துக்கு இன்னொரு பலம் உண்டு. ஸ்டார்லிங் இதை ஏற்கெனவே செய்திருக்கிறது. ஸ்பர் என்ற வண்டியில் பிரான்ஸின் எஃபிகியர் பெட்டியைப் போட்டார்கள். அதற்கு முன் ஸ்டர்ன் என்ற டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தய) வண்டி, உயரமான பிவட்டும் ஒற்றை கியருமாக. "செஞ்சவங்கதானே, திரும்பச் செய்யமாட்டாங்களா?" என்பான். எனக்கு அது எதிர்ச்சாட்சியாகப் படுகிறது. ஸ்பர் ஆசைக்குச் செய்த வண்டி, அன்றாடச் சோறு மர்மரிலிருந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் டீவியேட்டைப் பாருங்கள். கைடு என்ற முதல் வண்டியைப் பினியன் பெட்டியோடுதான் கொண்டுவந்தார்கள். அடுத்த ஹைலேண்டரில் சத்தமில்லாமல் டிரெயிலியருக்கு மாறிவிட்டார்கள். நியூசிலாந்தின் ஜீரோட் மட்டும் தனிவாவில் பினியனை விடாமல் பிடித்துக்கொண்டு அதையே அடையாளமாக்கிக்கொண்டது. அதாவது கியர்பாக்ஸ் ஒரு மாடலாக இருந்தால் பத்தாது, கம்பெனியே அதுவாக மாற வேண்டும். ஸ்டார்லிங்கின் அடையாளம் இரும்பு, அந்த இடம் காலியாக இல்லை.

இரண்டாவது ஊகம் உயர்ந்த பிவட். ஸ்விங் ஆர்மின் அச்சை மேலே தூக்கினால் பின்சக்கரம் கல்லில் மோதும்போது மேலே மட்டும் போகாமல் கொஞ்சம் பின்னாலும் போகும். மோதும் திசையிலேயே ஒதுங்குவதால் வேகம் குறையாது. ஆனால் சக்கரம் பின்னால் போனால் செயின் இழுபடும், பெடல் காலை உதைக்கும். அதைத் தவிர்க்கச் செயினை பிவட் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பல்சக்கரத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். அதற்கு ஐட்லர் என்று பெயர். கியூபெக்கின் பால்ஃபா அந்தக் காலத்திலேயே செய்தது. 2015இல் அண்டோராவின் கமான்சால் டவுன்ஹில் பந்தயத்தில் இதை நாகரிகமாக்கியது. 2019இல் கனடாவின் ஃபர்பிடன், சஸ்பென்ஷன் அசைவு வெறும் 130 மி.மீ. உள்ள ட்ரூயிட் வண்டியில் போட்டு, இது பந்தயக்காரர்களுக்கு மட்டுமல்ல என்று காட்டியது.

ஐட்லர் வண்டி ஒன்றை ஒரு மழைநாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் சொர்க்கம். கற்குவியலில் பிரேக்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. மதியத்துக்கு மேல் செயினில் எண்ணெய் கழுவிப்போனதும் காலடியில் காப்பிக்கொட்டை அரைக்கும் சத்தம் ஆரம்பித்தது. ஏற்றம் முழுக்க அந்தக் கரகரதான் துணை. ஐட்லர் பற்களுக்குள் சேறு சாந்து மாதிரி அப்பியிருந்தது, குச்சியால் சுரண்டி எடுத்தேன். வருடத்தில் பாதி நாள் சேறாகவே கிடக்கும் பிரிட்டன் காட்டுப் பாதைகளில் இதையே வாராவாரம் செய்ய வேண்டியிருக்கும். எளிமையைச் சொல்லி விற்கும் ஒரு கம்பெனி தன் முக்கிய வண்டிக்கு இதை ஏற்றுக்கொள்ளுமா? பந்தய வண்டிக்குச் சரி. மர்மரின் இடத்துக்கு, சந்தேகம்.

மூன்றாவது, வெறும் ஒத்தை பிவட்டோடு நிற்காமல் இணைப்புக் கம்பிகள் வைத்த சஸ்பென்ஷன். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பீக் மாவட்டத்தில் 2003இலிருந்து இரும்பு வண்டி செய்யும் காட்டிக். சை டர்னரின் இந்த நிறுவனம் முன் முக்கோணத்தை இரும்பில் வைத்துக்கொண்டு, ட்ராப்லிங்க் என்ற இணைப்பின் வழியாக ஷாக்கை (அதிர்வை வாங்கிக்கொள்ளும் உறுப்பை) இயக்குகிறது. அசைவின் தொடக்கத்தில் மென்மை, கடைசியில் விறைப்பு என்று ஷாக்கின் குணத்தை இஷ்டப்படி வளைக்க இணைப்பு உதவும். ஸ்டார்லிங்கில் அந்த வளைவு ஏறக்குறைய நேர்கோடு. மிச்சத்தை ஷாக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்க பிரேக் போட்டால் ஒத்தை பிவட் வண்டி கொஞ்சம் உட்காரும், குண்டும்குழியுமான இடத்தில் விறைக்கும். பின்சக்கர அச்சுக்கு முன்னால் இன்னொரு மூட்டு வைத்து பிரேக்கைப் பிரிக்கும் ஹார்ஸ்ட் லிங்க் இதைச் சரிசெய்யும். அமெரிக்காவில் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் கையிலிருந்த அதன் காப்புரிமையும் எப்போதோ காலாவதி.

ஆனால் மூட்டு கூடினால் பேரிங் கூடும். என்னுடைய இணைப்பு வண்டி, பெயர் வேண்டாம், இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் கிறீச். பிரித்தால் எட்டு பேரிங்கில் ஐந்து துருப்பிடித்து விரலால் சுழற்ற முடியாத நிலையில். நீள போல்ட், வாஷர், பழைய சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு இழுப்பான் செய்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஏழு வந்துவிட்டன. எட்டாவதன் வெளிவளையம் அலுமினியத்தைக் கவ்விக்கொண்டு வரவே இல்லை, கடைசியில் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதனால் ஒத்தை பிவட்டைப் பற்றி நான் நடுநிலையோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நண்பன் ஒன்றை மறந்துவிடுகிறான். ஒத்தை பிவட்டுக்குக் கெட்ட பெயர் வந்த காலத்தில் முன்னால் மூன்று செயின்வீல்கள் இருந்தன. சின்னதில் ஒரு இழுப்பு, பெரியதில் வேறு இழுப்பு, பிவட்டை எங்கே வைத்தாலும் இரண்டில் ஒன்று கெடும். 2012இல் உதிரிபாகம் செய்யும் ஸ்ராம் கம்பெனி முன்னால் ஒரே செயின்வீலோடு 11 கியரைக் கொண்டுவந்ததும் அந்தச் சிக்கல் போய்விட்டது. ஒரே செயின்வீல் என்றால் பிவட்டுக்குச் சரியான ஒரு இடம் இருக்கும். ஷாக்குகளும் தேறிவிட்டன. ஸ்டார்லிங் பிழைத்திருப்பதற்குக் குருவிப் பெயர்களைவிட இது பெரிய காரணம்.

நான்காவது ஊகம், இரும்பையே கைவிடுவது. இங்கே ஒப்பிட வேண்டியது வேல்ஸின் மக்கன்லெத்தில் இருக்கும் ஏதர்ட்டன். டவுன்ஹில் உடன்பிறப்புகள் டான், ஜீ, ரேச்சல் மூவரும் 2019இல் தொடங்கியது. டைட்டானியம் தூளை லேசரால் உருக்கி அச்சிட்ட மூட்டுகள், அவற்றுக்குள் பசையிட்டு ஒட்டிய கார்பன் குழாய்கள். அச்சு வார்ப்பு தேவையில்லாததால் 22 அளவுகளில் ஃபிரேம் தர முடிந்தது. சாதாரணக் கார்பன் ஃபிரேமுக்கு ஒவ்வொரு அளவுக்கும் தனி வார்ப்பு வேண்டும், அதன் செலவை மீட்கவே நிறைய வண்டிகள் விற்க வேண்டும். 2023இல் ஃபோர்ட் வில்லியமில் சார்லி ஹாட்டன் இந்த வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார், இரண்டாமிடம் அதே அணியின் ஆண்ட்ரியாஸ் கோல்ப்.

மலிவான ஏதர்ட்டன் வருமென்றால் அது வெல்டிங் செய்த சாதா அலுமினியமாக இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். 2024இல் எஸ்.170 வந்தது. அலுமினியம்தான். ஆனால் வெல்டிங் இல்லை. 7075 என்ற அலுமினியக் கலவைக் கட்டியைக் கடைந்த மூட்டு, குழாய், பசை. பொருளை மாற்றினார்கள், கைப்பழக்கத்தை மாற்றவில்லை. அன்று தோற்றதில் கற்றதுதான் இன்றைய என் கணக்கு: சின்னக் கம்பெனியின் அடுத்த வண்டியை ஊகிக்க ரசிகனின் ஆசையைக் கேட்காதே, பட்டறையில் என்ன கருவி இருக்கிறதென்று பார்.

ஸ்டார்லிங்கிடம் இருப்பது குழாய் வெட்டும் கருவி, குழாய்களை இடம் மாறாமல் பிடிக்கும் ஜிக், பற்றவைக்கும் கை. பர்மிங்ஹாமில் 1898இல் தொடங்கிய ரெனால்ட்ஸின் 853 குழாய் வெல்டிங் சூட்டில் பலமிழக்காது, காற்றில் ஆறும்போது இறுகும். நீளத்தை 10 மி.மீ. கூட்டுவதற்கு வார்ப்பு வேண்டாம், குழாயை வேறு இடத்தில் வெட்டினால் போதும். இந்தச் சுதந்திரத்தை விட்டுவிட்டு ஏன் போவார்கள்? ஒல்லியான இரும்பு ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் சற்றே வளைவது குறையல்ல, சரிவான வேர்களில் டயர் பிடியைக் காக்கும் குணம் என்பது மெக்யூவனின் நெடுநாள் வாதம். அது விளம்பரப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். நனைந்த வேர்களின் மேல் குறுக்கே போய்ப் பார்த்தபின் பாதி ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதி, நூறு கிலோக்காரர் யாராவது ஓட்டிச் சொன்னால்.

கடைசி, மோட்டார். சுருக்கமாகவே சொல்லலாம். ஜெர்மனியின் டிகியூ மோட்டார் மாதிரி 1.85 கிலோ எடையில் சின்னதாக வந்துவிட்டன, உண்மை. ஆனால் 360 வாட்-அவர் பேட்டரி கீழ்க்குழாய்க்குள் போக வேண்டும். ஒல்லியான உருண்டை இரும்புக் குழாயில் அது நுழையாது, குழாயைப் பெரிதாக்கி வாய் பிளந்தால் இரும்பின் அழகும் எடைக்கணக்கும் இரண்டும் போகும். விற்கும், சந்தேகமில்லை. ஸ்டார்லிங்காக இருக்குமா என்பதுதான்.

ஆக என் பணம் இன்னொரு மர்மர் மேல்: அதே ஒத்தை பிவட், அதே இரும்பு, கொஞ்சம் கூடின அசைவு. ஸ்ராமின் 2023 கியர் செட் டிரெயிலியரை நேராக ஃபிரேமிலேயே பூட்டுவதால், அதற்கேற்ற பின்முனையும் இருந்தாக வேண்டும். கியர்பாக்ஸுக்கு இரண்டாமிடம், அதுவும் கைவிரலில் எண்ணும் எண்ணிக்கையில். ஐட்லர் அதற்குப் பின்னால். கார்பனும் மோட்டாரும் வந்தால் நண்பனுக்கு நான் ஒரு பேரிங் செட் வாங்கித் தருவதாக ஒப்பந்தம்.

யாராவது மங்கலான படம் ஒன்றைப் போட்டால் சக்கரத்தின் அளவை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் கீழ்க்குழாய்: உருண்டையாக ஒல்லியாக இருந்தால் பேட்டரி இல்லை. அடுத்து பெடல் அச்சு: அதைச் சுற்றி டிபன் டப்பா மாதிரி ஏதாவது தொங்கினால் எனக்குத் தெரியாமல் நண்பனிடம் சொல்லிவிடுங்கள். பிறகு செயினின் மேல் இழை. பின்சக்கரத்திலிருந்து செயின்வீலுக்கு நேராக வந்தால் நான் ஜெயித்தேன், நடுவில் எங்காவது ஏறி இறங்கினால் சேறு சுரண்ட ஒரு குச்சி எடுத்துவையுங்கள்.