டாக் ஸ்பீக்கரா, ப்ளூடூத் ஸ்பீக்கரா? கரண்ட் போகிற ஊரில் ஸ்பீக்கர் வாங்குவது

எங்கள் ஆயாவுக்கு டாக்கிங் ஸ்பீக்கர், சுருக்கமாக டாக், அதுதான் பிடிக்கும். போனைச் செருகினால் பாட்டு, எடுத்தால் அமைதி. போனுக்கு சார்ஜும் ஏறிவிடும். நேரடி இணைப்பு என்பதால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்காது. புரட்டாசி சனிக்கிழமைகளில் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் சாமி பாட்டு ஓடுவது அதில்தான்.

குறை, போனைச் செருகும் அந்தப் பின்னில். 2003இல் ஐபாடில் வந்த 30 பின் இணைப்பை நம்பித்தான் அந்தக் கால டாக்குகளைச் செய்தார்கள். 2012இல் ஐபோன் 5 லைட்னிங் என்ற வேறு இணைப்புக்கு மாறியது. 2023இல் ஐபோன் 15 யுஎஸ்பி-சிக்குப் போனது. ஸ்பீக்கர் கல்லு மாதிரி இருக்கும், அதில் உட்காரும் போன்தான் கடையில் இருக்காது. ஆண்ட்ராய்டுக்கு டாக் சரியாக அமையவே இல்லை. சார்ஜ் துளை ஒரு போனில் அடியில், இன்னொன்றில் பக்கவாட்டில்.

ப்ளூடூத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தப் போனானாலும் சரி, பத்து மீட்டர் வரை தாராளமாகப் பிடிக்கும், நடுவில் சுவர் வந்தால் குறையும். பின்கட்டில் பிராய் போடும்போது, அதாவது கரி அடுப்பில் இறைச்சி சுடும்போது, தூக்கிக்கொண்டு போகலாம். ஒன்று கவனியுங்கள்: எல்டாக் (ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் முறை) என்று அட்டையில் போட்டு விலையைக் கூட்டியிருந்தால், ஐபோன்காரர்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஐபோனில் அது வேலை செய்யாது.

ஆனால் டர்பனில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது சத்தத்தின் தரத்தை அல்ல, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை. 2023இல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, படுத்திய பாட்டை யார் மறப்பார்கள்? பிளக்கில் ஓடும் டாக் அந்த நேரத்தில் வெறும் பெட்டி. பேட்டரி உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்கும். வைஃபை ஸ்பீக்கரில் ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் ஒயர்லெஸ்தான், ஆனால் பெரும்பாலும் பிளக்கில் ஓடுவது. அதற்கே பேட்டரி இருந்தாலும் ரூட்டர் அணைந்தால் இணையப் பாட்டு போச்சு. கரண்ட் இல்லாத நேரம் நீண்டால் செல் டவரின் பேட்டரியும் தீரும். அதனால் பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி வைப்பது நல்லது.

ப்ளூடூத்திலும் எரிச்சல் உண்டு. பஜனை நடுவில் போன் வந்தால் அந்த மணி ஸ்பீக்கரில் அலறும். தம்பி மகன் வாசலில் நுழைந்ததும் அவன் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், முருகன் பாட்டுக்குப் பதில் அவனுடைய அமாபியானோ, இங்கத்திய நடனப் பாட்டு. போகப் போக பேட்டரியும் தளரும். பல மாடல்களில் அதை எளிதாகக் கழற்றி மாற்றவும் முடியாது. டர்பன் வெயிலில் காருக்குள் விட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

புதிதாக வாங்குகிறவருக்கு என் ஓட்டு ப்ளூடூத்துக்குத்தான். ஆக்ஸ் துளை (ஒயர் செருகிப் பாட்டுப் போடும் துளை) இருக்கிற மாடலாகப் பாருங்கள். வீட்டில் பழைய டாக் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதிலும் ஆக்ஸ் துளை இருந்தால், சின்ன ப்ளூடூத் ரிசீவர் ஒன்றைச் செருகி எந்தப் போனிலிருந்தும் பாட்டுப் போடலாம்.

ஆயா வீட்டில் அதுகூடத் தேவைப்படவில்லை. நான் ஒதுக்கிப் போட்ட பழைய ஐபோனை, சிம்மைக் கழற்றிவிட்டு, டாக்கிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டேன். அதற்கு யாரும் போன் பண்ண முடியாது.