7,850 ரூபாய் போச்சு: ஆன்லைனில் ‘பஃபர் ஃபுல் செட்’ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “சரி, தொலையட்டும்” என்று விட்டுவிடுவோம். அந்த ஆட்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உயிர்மீனைப் பையில் கட்டி கூரியரில் அனுப்பும் ஒரு ஆன்லைன் விற்பனைத் தளம். பெயர் போடப் போவதில்லை. குள்ளப் பஃபர் என்கிற, பேத்தை வகையைச் சேர்ந்த குட்டி நன்னீர் மீனுக்கென்றே அங்கே ‘ஃபுல் செட்’ விற்கிறார்கள். தொட்டி, ஃபில்டர், விளக்கு, செடி, பாக்டீரியா பாட்டில், தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப், ஆறு மீன். மொத்தம் 7,850 ரூபாய், முழுத் தொகையும் முன்பணம்.

ஆர்டர் போடும் முன் போன் செய்து பேசினேன். எடுத்த பையனிடம் விற்கிற அவசரமே தெரியவில்லை. “தொட்டிய எங்கண்ணா வைப்பீங்க, நேரா வெயில் படுமா? போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா? குளோரின் வாடை வருமா?” என்று அவனே கேட்டுக்கொண்டு போனான். இப்படி விசாரிக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? பஃபர் பெலட் (கடையில் விற்கும் உலர்தீனி உருண்டை) தின்னாது என்கிறார்களே என்றேன். “ஆத்துல புடிச்ச மீன்தாண்ணா தின்னாது. நம்மளது தொட்டியிலயே பொரிச்ச குஞ்சு. குடற்புழு மருந்தும் குடுத்தாச்சு. ஒரு ஆண், அஞ்சு பெண், நானே பார்த்து எடுத்து அனுப்புறேன்” என்றான். சொல்லி முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பஃபர் ஒன்று பெலட்டைக் கவ்வுகிறது. பணத்தைப் போட்டுவிட்டேன்.

அந்த வீடியோவை இப்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். பெலட் வாய்க்குள் போகிறது, அந்த நொடியில் வெட்டு. அதற்கு அடுத்த நொடி என்ன நடந்திருக்கும் என்பதை என் தொட்டியில் பார்த்தேன். துப்பிவிடும். கவ்வும், துப்பும், அப்புறம் ஒரு கண் கீழே விழுந்த பெலட்டைப் பார்க்க, இன்னொரு கண் தனியாகச் சுழன்று நம்மைப் பார்க்க, அப்படியே நிற்கும்.

வந்திறங்கியபோது ஆறும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் வயிறு! நன்றாகத் தின்கிற பஃபருக்கு வயிறு வெள்ளையாக, உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். இவற்றுக்குக் கரண்டிக் குழி மாதிரி உள்வாங்கியிருந்தது. கழிவு வெள்ளை நூலாகத் தொங்கியது. வேறு கடையில் நத்தை வாங்கிப் போட்டேன், அதை மட்டும் கடித்துத் தின்றன. தின்ற பிறகும் உடம்பு தேறவில்லை. குடலில் புழு இருந்தால் இப்படித்தான் ஆகும். கொடுத்ததாகச் சொன்ன மருந்து எங்கே போனது? ஆண், பெண் பார்த்து எடுத்தானாம். ஆணுக்கு அடிவயிற்றில் கருங்கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் தெரிய மீன் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். வந்தவை ஒரு சென்டிமீட்டர் குஞ்சுகள். எதைப் பார்த்து எடுத்தான்?

பெட்டிக்குள் ஒரு பாக்கெட் உப்பும் இருந்தது, ‘மீன் விட்டதும் கலக்கவும்’ என்ற சீட்டோடு. கடலோரத்துப் பேத்தையும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இது கேரளத்துப் பம்பை ஆற்று மீன் ஐயா. ஹோரா, நாயர் என்ற ஆய்வாளர்கள் 1941-இல் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்ததே அந்த ஆற்று மீனை வைத்துத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் நன்னீரில் வாழ்கிற மீனுக்கு எதற்கு உப்பு? இன்னொன்று. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் இருக்கிற, அழியும் ஆபத்துள்ள மீன் இது. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னமும் ஆற்றில் பிடித்ததுதான். ‘தொட்டியில் பொரித்தது’ என்று சொன்னால் நம் மனசாட்சியும் தூங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த பாக்டீரியா பாட்டிலை ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்னும் பாக்டீரியா தானாக வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். செட்டோடு வந்த ஸ்ட்ரிப்பில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது! தனியாகக் கிட் வாங்கிச் சோதித்தேன். சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, அவ்வளவு அம்மோனியா. தொட்டியோ 15 லிட்டர். ஒரு பஃபருக்கே 20 லிட்டர் தேவை என்பார்கள், இதில் ஆறு. ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன.

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள். முதலில், “டிராவல் ஸ்ட்ரெஸ்ண்ணா, ரெண்டு நாள்ல செட் ஆயிடும்.” முதல் மீன் செத்ததும், “போட்டோ அனுப்புங்க.” அனுப்பினேன். “தெளிவா இல்ல, வீடியோ அனுப்புங்க.” அனுப்பினேன். “டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம்.” அந்த டீம் எது, எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குள் இன்னும் இரண்டு போய்விட்டன. அப்புறம்தான் விதி வெளியே வந்தது: பார்சல் வந்து 2 மணி நேரத்துக்குள் செத்தால் மட்டும்தான் உத்தரவாதம். பட்டினியும் அம்மோனியாவும் 2 மணி நேரத்தில் கொல்லுமா? அண்ணா, அண்ணா என்று உருகிய அதே பையன் கடைசியில் “சார், உங்க தண்ணிலதான் பிரச்சினை” என்று சொல்லிப் போனை வைத்தான். உப்பு அவர்களுடையது, பாட்டில் அவர்களுடையது, தொட்டி அவர்களுடையது. தண்ணீர் மட்டும் என்னுடையதாம். ஆறாவது மீனும் போன பிறகு, ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெயில் வந்தது. கூடவே அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். 7,850 ரூபாயைத் தின்றுவிட்டு மறுபடியும் வாங்கச் சொல்கிற துணிச்சலைப் பாருங்கள். நான் எழுதிய விமர்சனத்தையும் தூக்கிவிட்டார்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

பஃபர் தொட்டியை முறையாக எப்படி அமைப்பது என்றும் எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியை முதலில் மீன் இல்லாமல் ஓடவிடுங்கள். அம்மோனியாவும், அது மாறி உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கும்வரை மீனே வாங்காதீர்கள். வயிறு ஒட்டிய மீனை யார் கொடுத்தாலும் வேண்டாம். நேரில் போக முடிந்தால் போய், உங்கள் கண்முன்னால் தீனி போடச் சொல்லி, அது விழுங்குகிறதா என்று பாருங்கள். பெலட்டை நம்பாதீர்கள், நத்தையும் ரத்தப்புழுவும் கிடைக்க வழி செய்த பிறகே மீன். மீனை வலையில் தூக்காமல் தண்ணீரோடு கோப்பையில் அள்ளுங்கள், காற்றை விழுங்கி ஊதிக்கொண்டால் ஆபத்து. போனில் கொடுக்கிற வாக்குறுதி எல்லாவற்றையும் மெசேஜில் எழுதி வாங்குங்கள், எனக்கு மிஞ்சியது அந்த வெட்டிய வீடியோ மட்டும்தான்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை விற்பனைத் தளம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நான் புகார் போட்டுவிட்டேன். இந்தத் தளத்திடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லை எடுத்து வையுங்கள், சேர்ந்தே போடலாம்.