அப்டேட்டுக்குப் பின் முடங்கிய வீட்டு நெட்வொர்க்கும் ஐந்து ரோட்டு மாடிக்கடையும்

கீழே கொலுசுப் பட்டறை, மேலே குடியிருப்பு என்று அமைந்த எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் இரண்டு கணினிகளும், ஒரு வைஃபை பிரிண்டரும், ரூட்டரில் செருகிய ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், என்ன டச் (வெள்ளியின் தூய்மை அளவு), கூலி எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்பதால், அந்த ஆண்டு ஆடியிலேயே இரண்டு கணினிகளையும் விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் காலை இணையம் வழக்கம்போல வந்தது. கணக்குக் கோப்புறை மட்டும் திறக்கவில்லை. மேல்மாடிக் கணினிக்குக் கீழ்க்கணினி இருப்பதே தெரியவில்லை.

முதலில் வந்து பார்த்தவர் ரூட்டரை ரீசெட் செய்தார், 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், இரண்டு கணினிகளையும் ஃபார்மேட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் பிரிண்டரும் வேலை செய்யவில்லை. என் மைத்துனர் ஒரு வீடியோவைப் பார்த்து கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி1 என்ற பழைய வசதியைத் தேடி இயக்கி வைத்தார், அதிலும் பயனில்லை. அதன்பிறகுதான் ஐந்து ரோடு அருகே ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் சிறிய கணினிப் பழுதுபார்ப்புக் கடையை ஒருவர் சொல்லக் கேட்டு அழைத்தேன். நாளை வருவதாகச் சொன்னவர்கள் அதற்கும் மறுநாள் வந்தார்கள். ஆடிப் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாரையும் குறித்த நாளில் எதிர்பார்க்க முடியாது என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

வந்த இளைஞர் எதையும் கழற்றவில்லை. கட்டளைகள் அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க மேல்மாடியிலிருந்து ரூட்டருக்கு ஒரு பிங் கொடுத்தார், பதில் வந்தது. கீழ்க்கணினிக்குக் கொடுத்தார், வரவில்லை. “ஒயர்லயும் ரூட்டர்லயும் கோளாறு இல்லீங்க சார், ஃபார்மேட்டே வேண்டாம்” என்றார். கீழ்க்கணினியில் எங்கள் வைஃபை ‘பப்ளிக்’ என்ற வகையில் இருந்தது. பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ இணைகிறோம் என்று கருதி, கணினி தன்னைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளும் நிலை அது. அதை ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்புப் பகிர்வையும் இயக்கியதும் பிங்குக்குப் பதில் வந்தது. மைத்துனர் இயக்கிய எஸ்எம்பி1ஐ உடனே அணைத்தார். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பழைய வழியாகத்தான் என்று அவர் சொன்னபோது, மைத்துனர் தேநீர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

டிஸ்க்தான் உண்மையான சிக்கல். எங்கள் ரூட்டர் அதைக் கடவுச்சொல் இல்லாமல், ‘கெஸ்ட்’ என்ற பெயரில் யார் வந்தாலும் திறந்துவிடும். 24எச்2 புரோ பதிப்போ கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை. வலையில் போய்வரும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான கையொப்பத்தையும் கேட்கிறது. அந்தக் கையொப்பத்துக்கான திறவுகோல் கடவுச்சொல்லிலிருந்து பிறப்பதால், கடவுச்சொல்லே இல்லாத இடத்தில் கையொப்பமும் இராது. இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் சில கட்டளைகளில் தளர்த்திவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். நானே அதைக் கேட்டேன். “செஞ்சு தர்றேன், ஆனா வைஃபை பாஸ்வேர்டு தெரிஞ்ச அத்தனை பேருக்கும் உங்க கணக்குப் புத்தகம் திறந்திருக்கும், பரவாயில்லையா சார்?” என்று கேட்டார். பட்டறைக்கு வந்துபோகும் பலருக்கும் அந்த பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பது நான்தான். ஆகவே அப்டேட்டைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போயிற்று.

டிஸ்க்குக்குக் கடவுச்சொல் வைக்க எங்கள் ரூட்டரில் இடமே இல்லை. எனவே அதைக் கழற்றிக் கீழ்க்கணினியில் செருகி, பகிர்வுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல்லும் வைத்தார். மேல்மாடியில் என் மகள், தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்க பின் எண்ணையே கடவுச்சொல் கேட்ட பெட்டியில் ஆறேழு முறை அடித்துப் பார்த்துச் சலித்துப்போனாள். பின் எண் அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும் என்றும், வலை வழியாக நுழையப் பகிர்வுக் கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும் என்றும் அவர் சொன்ன பிறகு கோப்புறை திறந்தது. பிரிண்டருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரீசெட்டுக்குப் பின் அது வேறு நெட்வொர்க் முகவரியில் இருந்தது. கணினிகள் பழைய முகவரிக்கே தாள்களை அனுப்பிக்கொண்டிருந்தன. இனி மாறாதபடி ரூட்டரிலேயே ஒரு முகவரியை அதற்கென ஒதுக்கினார்.

மொத்தம் இரண்டு மணி நேரம், 700 ரூபாய். பில் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. எந்தெந்த அமைப்புகளை மாற்றினார் என்பதை எழுதித் தரவும் இல்லை. மகள் தன் நோட்டில் குறித்துக்கொண்டதால் தப்பித்தோம். இன்னொரு குறையும் உண்டு. கீழ்க்கணினி அணைந்திருந்தால் மேலே கணக்கைப் பார்க்க முடியாது. அவர் அதை முன்னதாகவே சொல்லி, கணினி தானாக உறங்காதபடி அமைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாட்களில் யாராவது கீழே இறங்கிப்போய்க் கணினியை மீண்டும் இயக்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் பல அப்டேட்கள் வந்துபோய்விட்டன, கோப்புறை ஒருநாளும் மறுக்கவில்லை. பழைய ரூட்டரை விற்றுவிட்டுப் புதியது வாங்கச் சொல்லி அவர் ஒருமுறைகூடத் தூண்டவில்லை என்பதையும் சேர்த்து, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். காலை 11 மணிக்கு முன் அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. நேரில் போகிறவர்கள் மருந்துக்கடைக்கு இடப்புறம் உள்ள குறுகிய படிக்கட்டில் ஏற வேண்டும். பலகை சிறியது, சாலையிலிருந்து கண்ணில் படாது.